கடிதத்தைப் பிரித்துப் படியுங்கள், கதவைத் திறக்க வேண்டாம்

வாசகர் கேள்வி – பதில்: கவுன்சில் வரி நிலுவையும் பெய்லிஃபும்

சென்ற இதழில் கவுன்சில் வரி (வீட்டில் குடியிருப்போர் உள்ளாட்சி மன்றத்துக்குக் கட்டும் வரி) நிலுவையைப் பற்றி நான் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள், இந்தப் பகுதிக்கு வேறு எந்தப் பொருளில் வந்த கடிதங்களையும்விட அதிகம். அவற்றுள் பலருக்கும் பயன்படும் ஐந்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பதில்கள் இங்கிலாந்தின் சட்டத்தை ஒட்டியவை. வேல்ஸில் பெய்லிஃப் (பாக்கியை வசூலிக்கக் கவுன்சில் அமர்த்தும் முகவர்) விதிகள் பெரும்பாலும் இவையே. ஸ்காட்லாந்தில் இதே வேலையைச் செய்யும் ஷெரிஃப் ஆபிசர்கள் வேறு சட்டத்தின்கீழ் இயங்குகிறார்கள். வட அயர்லாந்தில் கவுன்சில் வரியே கிடையாது.

கேள்வி: என் கணவர் வேலை செய்த கிடங்கில் ஜூன் மாதம் ஆட்குறைப்புச் செய்தார்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 162 பவுண்டு வீதம் கவுன்சில் வரி கட்டினோம். ஜூலையிலிருந்து கட்ட முடியவில்லை. கவுன்சிலிலிருந்து வந்த கடிதங்களை, பணம் கைக்கு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று பிரிட்ஜின் மேல் வைத்துவிட்டோம். இப்போது அக்டோபர் மாதம். ஒரு தனியார் நிறுவனம், 1,309 பவுண்டை உடனே கட்டாவிட்டால் வீட்டுக்கு வந்து பொருட்களை எடுத்துச் செல்வோம் என்று எழுதியிருக்கிறது. நாங்கள் பாக்கி வைத்தது சில மாதங்கள்தானே? பகலில் வீட்டில் இருப்பவர் ஆங்கிலம் தெரியாத என் மாமியார் மட்டும். பிள்ளைகள் மூன்றரை மணிக்குத்தான் பள்ளியிலிருந்து வருவார்கள். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்களா?
— ஒரு வாசகி, லண்டன்

பதில்: சகோதரி, உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கவுன்சில் வரிக்காக முதன்முறை வரும் பெய்லிஃப் உங்கள் கதவை உடைக்க முடியாது. பூட்டுத் திறப்பவரை அழைத்துவந்து திறக்கவும் முடியாது. கதவை உடைத்த கதைகளை நாம் கேள்விப்பட்டிருப்பது உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் குற்றவியல் நீதிமன்றம் விதித்த அபராதத்தை வசூலிக்க வந்தவர்களைப் பற்றியவை. அவர்களுக்குச் சட்டம் தந்திருக்கும் அதிகாரம் கவுன்சில் வரிக்கு வருபவருக்கு இல்லை. ஒரு வீட்டில் நடந்தது வாய்வழியாகப் பத்து வீட்டுக்குப் போகும்போது இந்த வேறுபாடு காணாமல் போய், அச்சம் மட்டும் மிஞ்சுகிறது.

இனித் தொகைக்கு வருவோம். கவுன்சில் வரி ஆண்டு முழுவதற்குமான ஒரே கடன். அதைத் தவணையில் கட்ட நமக்கு ஓர் அனுமதி உண்டு, அவ்வளவுதான். ஜூலைத் தவணை தவறியதும் கவுன்சில் ஒரு நினைவூட்டல் கடிதம் அனுப்பியிருக்கும். அதன்படி 7 நாளில் கட்டாமல், மேலும் 7 நாள் கடந்ததும், தவணையில் கட்டும் அனுமதி பறிபோய், ஜனவரி வரையிலான ஏழு தவணையும் ஒன்றாகச் சேர்ந்து 1,134 பவுண்டு ஒரே மூச்சில் கட்ட வேண்டிய தொகையாகிவிட்டது. அடுத்து மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்துக்கு வரும்படி சம்மன்ஸ் வந்திருக்கும். நீங்கள் போகாத அந்த நாளில், வரி கட்ட வேண்டியவர் நீங்களே என்று உறுதிசெய்யும் லயபிலிட்டி ஆர்டர் பிறப்பிக்கப்பட்டிருக்கும். அதற்கான நீதிமன்றச் செலவைக் கவுன்சில் உங்கள் கணக்கில் ஏற்றும். உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் பார்த்தால் அது 100 பவுண்டு. மீதி 75 பவுண்டு, கணக்கு பெய்லிஃப் நிறுவனத்துக்கு மாறியவுடனேயே விழும் முதற்கட்டக் கட்டணம். ஆக 1,309.

இந்த 75 எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது முக்கியம். பெய்லிஃப் கட்டணங்களை 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் கட்டம் கட்டமாக நிர்ணயித்தன: கணக்கு அவர்கள் கைக்குப் போனதும் 75 பவுண்டு, அதன் பிறகு வீட்டுக்கு ஆள் வந்தால் 235 பவுண்டு, பொருளை ஏலத்துக்கு எடுத்துச் செல்லும் கட்டம் வந்தால் மேலும் 110 பவுண்டு. கடன் 1,500 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்குப் பின் இரண்டு கட்டங்களிலும் 7.5 சதவீதமும் உண்டு. எத்தனை முறை வந்தாலும் 235 ஒருமுறைதான். வருகைக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போக முடியாது. உங்கள் கடிதத்தில் இதற்கு மாறான தொகை ஏதும் தென்பட்டால், அது எந்த விதியின்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆகவே உங்களுக்கு இன்று இருக்கும் அவகாசத்தின் விலை 235 பவுண்டு. கடிதத்துக்கும் முதல் வருகைக்கும் இடையில் 7 முழு நாட்கள் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் வங்கி விடுமுறையும் அந்தக் கணக்கில் சேராது. அந்த நாட்களுக்குள் இரண்டு இடத்துக்குப் பேசுங்கள். நிறுவனத்திடம், உங்கள் வரவு செலவைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, உண்மையில் கட்டக்கூடிய தொகையை மட்டும் சொல்லுங்கள். மாதம் 60 பவுண்டுதான் முடியும் என்றால் 60 என்றே சொல்லுங்கள். அவர்கள் 200 கேட்கிறார்களே என்று ஒப்புக்கொண்டுவிட்டு இரண்டாம் மாதமே தவறினால் ஆள் வருவது உறுதி. கவுன்சிலிடம், வேலை போனதைச் சொல்லி, கணக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள். கடன் கவுன்சிலுடையது, பெய்லிஃப் அவர்களுடைய முகவர் மட்டுமே. ஆகையால் திரும்ப எடுக்கும் அதிகாரம் கவுன்சிலுக்கு எப்போதும் உண்டு. எல்லாக் கவுன்சிலும் இசையும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வேலையிழப்புக்கான கடிதமும் வங்கிக் கணக்கு நகலும் கையில் இருக்கும்போது இசைந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கூடவே, வருமானம் குறைந்தவர்களுக்கான கவுன்சில் வரிக் குறைப்புக்கு அன்றைக்கே விண்ணப்பியுங்கள். உங்களில் யாருக்காவது அரசு நிதி பெறக்கூடாது என்ற விசா நிபந்தனை இருந்தால் மட்டும் விண்ணப்பிக்கும் முன் ஓர் ஆலோசகரிடம் கேளுங்கள், ஏனெனில் இந்தக் குறைப்பு அரசு நிதியாகக் கருதப்படும். அதுவும் போதாத நெருக்கடியில், 1992ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டம், பிரிவு 13ஏ-யின்கீழ் வரியைக் குறைக்கவோ முழுவதுமாகத் தள்ளவோ கவுன்சிலுக்கு விருப்ப அதிகாரம் தருகிறது. அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

பிரிட்ஜின் மேல் இருக்கும் கடிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கடன் ஆலோசனை மையம் ஒன்றில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக உட்காரும் எனக்கு, பலசரக்குக் கடைப் பையில் 19 உறைகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டிய ஒரு தாயின் முகம் மறக்கவில்லை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அஞ்சல் முத்திரைத் தேதிப்படி அவற்றை அடுக்கிக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஆறாவது உறையில் இருந்தது மிரட்டல் அல்ல. வருமானம் குறைந்திருந்தால் இந்தப் படிவத்தை நிரப்பி அனுப்புங்கள், வரியைக் குறைக்கிறோம் என்ற கடிதம். அந்தப் படிவம் அப்படியே நான்கு மாதம் பைக்குள் கிடந்திருக்கிறது. அவர் எதுவும் பேசாமல் அதை மடித்து, விரித்து, மீண்டும் மடித்துக்கொண்டிருந்தார்.

இனி வாசல். ஆள் வந்தே விட்டால், அவர் காலை 6 மணி முதல் இரவு 9 மணிக்குள்தான் வர வேண்டும். கதவு வழியாக மட்டுமே நுழையலாம்; சன்னல் வழியாகவோ மதில் ஏறியோ வரக்கூடாது. உங்களைத் தள்ளிக்கொண்டு வரவோ, கதவை மூடவிடாமல் காலை வைத்துத் தடுக்கவோ கூடாது. ஆனால் பூட்டாத கதவைத் திறந்துகொண்டு அமைதியாக உள்ளே வந்தால் அது சட்டப்படி சரியான நுழைவாகிவிடும். நம் வீடுகளில் பகலில் கதவைச் சும்மா சாத்தி வைக்கும் வழக்கம் உண்டு. சமையலறைக்குப் பின்னால் தோட்டத்துக்குப் போகும் கதவு திறந்தே கிடக்கும். சில வாரங்களுக்கு இரண்டையும் பூட்டி வையுங்கள். பேச வேண்டுமானால் மாடிச் சன்னல் வழியாகவோ கடிதத் துவாரத்தின் வழியாகவோ பேசலாம். கதவைத் திறக்காமல் இருப்பது குற்றமே அல்ல. போலீஸ் உடன் வந்தாலும் அவர்கள் வந்திருப்பது சண்டை நேராமல் பார்த்துக்கொள்ள மட்டுமே. உங்கள் கதவைத் திறக்க வைக்க அல்ல.

உங்கள் மாமியாருக்கு ஒரு தாளில் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: எனக்கு ஆங்கிலம் தெரியாது, கதவைத் திறக்க மாட்டேன், என் மருமகளை இந்த எண்ணில் அழையுங்கள். அதைக் கதவின் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டியும் வைக்கலாம். பெய்லிஃபுகளுக்கு அரசு வகுத்திருக்கும் தேசிய நடைமுறைத் தரங்கள், ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளவோ பேசவோ படிக்கவோ வெளிப்படையாகச் சிரமப்படுபவரை, எளிதில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவராகக் கருதலாம் என்று சொல்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோர் இதை அறியாமல், மொழி தெரியாததை ஒரு குறையாக எண்ணிக் கூசி நிற்கிறார்கள். அது சட்டத்தின் முன் எடுத்துச் சொல்ல வேண்டிய செய்தி. வீட்டில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளை மட்டுமே இருந்தாலும் பெய்லிஃப் உள்ளே வரக்கூடாது. ஆனால் பிள்ளை அதைச் சொல்லிச் சமாளிக்கும் நிலையை நாம் உண்டாக்கக் கூடாது. கதவைத் திறக்காதே என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கடைசியாக, வாசலில் நீட்டப்படும் தாளில் கையெழுத்து இடாதீர்கள். உள்ளே வந்த பெய்லிஃப் பொருட்களைப் பட்டியலிட்டு, தவணை தவறினால் இவற்றை எடுத்துக்கொள்ளலாம் என்று வாங்கும் ஒப்பந்தம் மிக வலுவானது. அதை மீறினால், 2 முழு நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு அடுத்த முறை பலவந்தமாகவே உள்ளே வரலாம். முதல் நாள் உடைக்க முடியாத கதவை அந்த ஒரு கையெழுத்து உடைக்கக்கூடியதாக்கிவிடும்.

கேள்வி: பார்சல் கொண்டு சேர்க்கும் வேலை செய்கிறேன். வரிப் பாக்கிக்காக வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த என் காரின் சக்கரத்தில் காலையில் பூட்டுப் போட்டுவிட்டார்கள். கார் இன்னும் தவணைக் கடனில் இருக்கிறது. மச்சான் ஒருவர், பூட்டை அறுத்துவிட்டு வண்டியை எடு, தொழிலுக்கான வாகனத்தைத் தொட முடியாது என்கிறார். சரியா?
— ஒரு வாசகர், மேற்கு லண்டன்

பதில்: அறுக்க வேண்டாம். பெய்லிஃப் கட்டுப்பாட்டில் எடுத்த பொருளில் கைவைப்பது குற்றம். வரிப் பாக்கி வெறும் கடன், அதைக் குற்றமாக்கிக்கொள்ளாதீர்கள்.

மச்சான் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. தொழிலுக்கு உங்களுக்கே தேவையான கருவி, கணினி, வாகனம் ஆகியவற்றுக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் எல்லாம் சேர்த்து 1,350 பவுண்டு மதிப்பு வரைதான். உங்கள் கார் 4,000 பவுண்டு பெறுமென்றால் அந்தப் பாதுகாப்பு உதவாது. உங்களுக்கு உதவக்கூடியது தவணைக் கடன். கடைசித் தவணை வரை வண்டியின் உரிமையாளர் நிதி நிறுவனமே. பெய்லிஃப் எடுக்கக்கூடியது கடனாளிக்குச் சொந்தமான பொருளைத்தான். ஒப்பந்தத்தின் நகலையும், மீதித் தவணை எவ்வளவு என்று காட்டும் அறிக்கையையும் இன்றே மின்னஞ்சலில் பெய்லிஃப் நிறுவனத்துக்கும் கவுன்சிலுக்கும் அனுப்புங்கள்; நிதி நிறுவனத்துக்கும் தகவல் சொல்லுங்கள். வண்டியின் பதிவுப் புத்தகத்தை மட்டும் நீட்டினால் போதாது, அது வண்டியை வைத்திருப்பவர் யார் என்று காட்டுமே தவிர உரிமையாளர் யார் என்று காட்டாது.

பூட்டுப் போட்டதிலிருந்து குறைந்தது 2 மணி நேரம் வண்டியை அங்கேயே விட்டுவைத்த பிறகுதான் இழுத்துச் செல்லலாம், ஆகவே தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆவணங்களை அனுப்பிவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டை காட்டி நிறுத்தியிருக்கும், அவர்களுக்காகவே பயன்படும் வாகனத்தை எடுக்கவே கூடாது. இன்னும் கடிதக் கட்டத்தில் இருக்கும் மற்ற வாசகர்களுக்கு: வண்டியைத் தெருவிலோ உங்கள் வாசலிலோ விடாமல், நண்பரின் வீட்டு வளாகத்துக்குள் நிறுத்துங்கள். வேறொருவருக்குச் சொந்தமான இடத்துக்குள் நுழைய பெய்லிஃபுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும்.

கேள்வி: சென்னையிலிருந்து முதுகலை படிக்க வந்தேன். மூன்று நண்பர்கள் ஒரே ஒப்பந்தத்தில் ஒரு வீட்டில் இருக்கிறோம். என் படிப்பு செப்டம்பரில் முடிந்து, படிப்பு முடித்தவர்களுக்கான கிராஜுவேட் விசாவில் பகுதிநேர வேலை செய்கிறேன். மற்ற இருவரும் இன்னும் முழுநேர மாணவர்கள். கவுன்சில் என் பெயருக்கு மட்டும் முழு வரி போட்டு, இப்போது சம்மன்ஸ் வந்திருக்கிறது. நீதிமன்றத்துக்குப் போய் என் சம்பளத்தைக் காட்டினால் தள்ளுபடி செய்வார்களா? முன்பு இங்கே குடியிருந்தவர் பெயருக்கும் பெய்லிஃப் கடிதம் வருகிறது, அதையும் நான் கட்ட வேண்டுமா?
— ஒரு மாணவர், லெஸ்டர்

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். வரிக்கடன் ஆளுடையது, வீட்டுடையது அல்ல. அந்தக் கடிதத்தை அனுப்பிய நிறுவனத்துக்கு, உங்கள் வாடகை ஒப்பந்தத்தின் முதல் பக்க நகலுடன், அவர் இங்கே இல்லை, நாங்கள் இந்தத் தேதியிலிருந்து குடியிருக்கிறோம் என்று எழுதுங்கள். யாராவது நேரில் வந்தால் நகலைச் சன்னல் கண்ணாடி வழியாகக் காட்டினால் போதும்.

உங்கள் வரியைப் பொறுத்தவரை, படிப்பு முடிந்த நாளிலேயே மாணவர் விலக்கு முடிந்துவிட்டது. விசா எதுவாக இருந்தாலும் அதுதான் கணக்கு. முழுநேர மாணவர்கள், மாணவர் அல்லாதவரோடு சேர்ந்து பொறுப்பாக மாட்டார்கள் என்பதால் சட்டப்படி பொறுப்பு உங்கள் ஒருவருக்கே. நண்பர்கள் பங்கு தருவது உங்களுக்குள் உள்ள ஏற்பாடு. ஆனால் முழு வரி தவறு. கணக்கில் வரும் பெரியவர் நீங்கள் ஒருவரே ஆகையால் 25 சதவீதக் கழிவு உங்களுக்கு உண்டு. இந்தக் கழிவு அரசு நிதி அல்ல, எனவே உங்கள் விசாவுக்கு இடைஞ்சல் இல்லை; வருமானக் குறைவுக்கான வரிக் குறைப்பை மட்டும் விண்ணப்பிக்க வேண்டாம். நண்பர்களிடம் பல்கலைக்கழகத்தின் மாணவர் சான்றிதழை வாங்கிக் கவுன்சிலுக்கு அனுப்புங்கள். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கட்டணமின்றி முறையிடலாம்.

ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மூவருக்கும் தனித்தனி அறை ஒப்பந்தம் என்றிருந்தால் வரி கட்ட வேண்டியவர் வீட்டு உரிமையாளர்தான். அறை வாடகைக்கு இருக்கும் நம் மாணவர்கள் பலரிடம் இந்த வரியை வாங்கிக்கொண்டு, கவுன்சிலுக்குக் கட்டாமல் விட்ட வீட்டுக்காரர்களைப் பற்றியும் கடிதங்கள் வந்திருக்கின்றன; பணம் கொடுத்ததற்கு ரசீது இல்லாமல் அவர்கள் தவிப்பதைப் படிக்க மனம் பொறுக்கவில்லை. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

நீதிமன்றத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த விசாரணையில் மாஜிஸ்ட்ரேட் பார்ப்பது வரி முறையாகக் கேட்கப்பட்டதா, கட்டப்பட்டதா என்பதை மட்டுமே. என்னால் முடியவில்லை என்பது அங்கே எதிர்வாதமாகாது; கழிவு விவகாரத்தைத் தீர்மானிக்கும் இடமும் அதுவல்ல. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான பெயர்கள் அழைக்கப்படும். ஆகவே உங்கள் பேச்சுவார்த்தை அந்த நாளுக்கு முன்பே கவுன்சிலின் வரி அலுவலகத்தில் நடக்க வேண்டும். கழிவுக்கான மனு நிலுவையில் இருப்பதால் வழக்கை ஒத்திவைக்கும்படியும், திருத்திய தொகைக்குத் தவணை தரும்படியும் இப்போதே எழுதுங்கள். கவுன்சில் ஒத்திவைக்க மறுத்துவிட்டால் நேரில் போய், அந்தக் கடிதத்தையும் சான்றிதழ்களையும் காட்டி ஒத்திவைப்புக் கேளுங்கள். கவுன்சிலின் அலுவலர் அந்தக் கட்டடத்தின் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே அழைக்கப்படும் முன் அவரிடம் பேசியே பலர் தவணையோடு திரும்புகிறார்கள்.

கேள்வி: 81 வயதான என் தந்தை தனியாக வசிக்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் மறதி நோய் என்று உறுதிசெய்தார்கள். அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (முதியோருக்கான பராமரிப்பு உதவித்தொகை) பெறுகிறார். சென்ற வாரம் நான் போனபோது மேசையில் இரண்டு தேநீர்க் கோப்பைகளும் ஒரு தாளும் இருந்தன. யாரோ நல்ல மனிதர் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார் என்றார். தாளைப் பார்த்தால், தொலைக்காட்சி, பிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம் என்று பட்டியல். கீழே அப்பாவின் நடுங்கும் கையெழுத்து. வரிப் பாக்கியோடு 310 பவுண்டு கட்டணம்.
— ஒரு மகள், மில்டன் கீன்ஸ்

பதில்: வந்தவருக்கு உங்கள் அப்பா தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்பதைப் படித்த பிறகு சிறிது நேரம் வேறு கடிதத்தை எடுக்க முடியவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, பெரும்பாலும் உங்கள் பக்கமே சட்டம் இருக்கிறது.

முதலாவது, அந்த ஒப்பந்தம். அதன் விளைவைப் புரிந்துகொள்ள முடியாதவர் என்று பார்த்தாலே தெரியக்கூடிய ஒருவரிடம் பெய்லிஃப் அத்தகைய ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. வீட்டில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவர் மட்டுமே இருக்கும்போது பொருட்களைக் கட்டுப்பாட்டில் எடுப்பதற்கும் தடை உண்டு. அன்றாட வாழ்வுக்குத் தேவையான பிரிட்ஜ், துணி துவைக்கும் இயந்திரம், படுக்கை, சாப்பாட்டு மேசை, நாற்காலி, அடுப்பு, ஒரு தொலைபேசி ஆகியவை எந்த வீட்டிலும் எடுக்கக் கூடாதவை. தொலைக்காட்சிக்குத்தான் அந்தப் பாதுகாப்பு இல்லை. 310இல் 235 பவுண்டு வருகைக் கட்டணம். பாதிப்புக்கு உள்ளாகக்கூடியவரிடம், பொருளை எடுத்துச் செல்லும் முன் உதவியும் ஆலோசனையும் பெறப் போதிய வாய்ப்புத் தராதிருந்தால் அந்தக் கட்டணத்தை வசூலிக்க முடியாது. மருத்துவரின் நோயறிதல் கடிதத்தை இணைத்து இவற்றையெல்லாம் நிறுவனத்துக்கு எழுதி, அதே கடிதத்தைக் கவுன்சிலுக்கும் அனுப்புங்கள். வந்த பெய்லிஃப் கேமரா அணிந்திருந்தால் அன்றைய பதிவை அழிக்காமல் வைக்கும்படியும் கேளுங்கள்.

இரண்டாவது, இதைவிடப் பெரியது. கடுமையான மனநலக் குறைபாடு உடையவர் என்று மருத்துவர் சான்றளித்து, அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போன்ற தகுதிதரும் உதவித்தொகைக்கும் உரியவராக இருந்து, தனியாக வசித்தால், அவர் கவுன்சில் வரியே கட்ட வேண்டியதில்லை. அந்தச் சட்டச் சொல் நம் காதுக்குக் கடுமையாக ஒலிப்பதால் பல பிள்ளைகள் பெற்றோருக்காக அந்தப் படிவத்தை நிரப்பக் கூசுகிறார்கள். மறதி நோயும் அதற்குள் வரக்கூடும், கூச்சத்தை விட்டு வாங்கி நிரப்புங்கள். தகுதி தொடங்கிய நாளிலிருந்து பின்தேதியிட்டுக் கேளுங்கள். மூன்று ஆண்டுகளுக்கும் விலக்கு கிடைத்தால், இந்தப் பாக்கி இல்லாமல் போவதோடு அப்பா ஏற்கெனவே கட்டிய பணமும் திரும்ப வரலாம். கடனே இல்லையென்றானபின் லயபிலிட்டி ஆர்டரை ரத்துசெய்ய நீதிமன்றத்தைக் கேட்கும் வழி கவுன்சிலுக்கு உண்டு. அதைச் செய்யும்படி பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் அவகாசம் வேண்டுமானால், 2021ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய பிரீதிங் ஸ்பேஸ் திட்டம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கடன் ஆலோசகர் வழியாகச் சேர்ந்தால் 60 நாட்களுக்குப் பெய்லிஃப் நடவடிக்கை நிற்கும். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன் ஆகிய ஆலோசனை அமைப்புகள் கட்டணம் வாங்குவதில்லை. அப்பாவுக்காகப் பேச அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமோ, முன்பே பதிவுசெய்த அதிகாரப் பத்திரமோ கேட்பார்கள், எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் பதில் திருப்தி தராவிட்டால் கவுன்சிலின் முறைப்பாட்டு வழியில் போய், அதன் பிறகு, கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் உள்ளாட்சி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். முகவர் செய்ததற்குத் தான் பொறுப்பில்லை என்று கவுன்சில் கைகழுவ முடியாது.

கேள்வி: கவுன்சில் வரி கட்டாவிட்டால் சிறையில் போடுவார்கள் என்று பெய்லிஃப் தொலைபேசியில் சொன்னார். உண்மையா?
— ஒரு வாசகர், க்ராய்டன்

பதில்: பெய்லிஃபுக்கு உங்களைக் கைதுசெய்யும் அதிகாரம் கிடையாது, அவர் தன் வாயால் அப்படி மிரட்டக் கூடாது. அந்த அழைப்பின் தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை எழுதி வைத்து முறைப்பாடு செய்யுங்கள்.

சட்டத்தில் சிறை இருப்பது உண்மை. வேல்ஸ் 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் அதை நீக்கிவிட்டது. இங்கிலாந்தில் அதிகபட்சம் 3 மாதம் என்று இன்னும் நிற்கிறது. ஆனால் பெய்லிஃப் மூலம் வசூலிக்க முயன்று முடியாமல் போன பிறகு, கவுன்சில் தனியாக மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். நீதிமன்றம் உங்கள் வருமானத்தை நேரில் விசாரித்து, கையில் பணம் இருந்தும் வேண்டுமென்றே கட்டவில்லை, அல்லது கண்டிக்கத்தக்க அலட்சியத்தால் விட்டுவிட்டீர்கள் என்று கண்டால்தான் அது. பணமில்லாதவரை அதற்காகச் சிறைக்கு அனுப்ப முடியாது. எனினும் அந்த விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள், வராதவரைப் பிடித்துவர நீதிமன்றம் வாரண்ட் பிறப்பிக்கலாம். மூன்று மாத வங்கிக் கணக்கையும் வாடகை ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு, போகும் முன்பே நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.